கழுத்தில் தொங்கும் பொத்தானுக்கு ஒரு பெயர்: ‘கூப்பிடுமணி’

அன்புள்ள குழுமத்தாருக்கு, வணக்கம்.

வயதானவர்கள் கழுத்திலோ மணிக்கட்டிலோ அணிந்துகொண்டு, விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ அழுத்தும் அந்தச் சிறு கருவியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இழை பத்து நாளாக ஓடுகிறது. இதுவரை வந்தவை: அவசர மருத்துவ எச்சரிக்கைக் கருவி, முதியோர் அபாய அறிவிப்பான், உயிர்காப்புப் பொத்தான், இடர்மணி, ஆராய்ச்சிமணி. இத்தனையையும் என் அம்மாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு 81 வயது. வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். நான் தஞ்சாவூரில், தம்பி சிங்கப்பூரில்.

போன மார்கழியில் ஒருநாள் விடியுமுன் கொல்லைக்கதவைத் திறந்து கிணற்றடிக்குப் போனவர், பாசி வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. செல்பேசி கூடத்தில் சார்ஜில் கிடந்தது. “கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஒருத்தருக்கும் கேக்கல” என்றார் பிறகு. கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு ஓடும் நேரம்; பக்கத்து வீடு பத்தடியில் இருந்தும் பயனில்லை. பால் கறக்க வருபவர் வந்து பார்க்கும்வரை இரண்டரை மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அப்படி நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கிச் சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், தோல் புண்ணாகும், உடம்பில் நீர் வற்றும் என்று மருத்துவர் சொன்னார். விழுவதைப் போலவே விழுந்து கிடப்பதும் உயிருக்கு உலை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன்பிறகு இந்தக் கருவிகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்த 110 பேரை ஓராண்டு கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று மனத்தை விட்டுப் போகவே இல்லை. அவர்களில் 66 பேர் அந்த ஆண்டில் விழுந்தார்கள். அந்த 66 பேரில் 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையில் கிடந்தார்கள். அழைக்கும் பொத்தான் பலரிடம் இருந்தது. இருந்தும், நெடுநேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை.

ஏன்? அன்றைக்கு அப்படி ஒரு பொத்தான் கழுத்தில் இருந்திருந்தால் அழுத்தியிருப்பாயா என்று அம்மாவைக் கேட்டேன். “அது ஆபத்துக்குத்தானே? நான் சும்மா விழுந்துதானே கெடந்தேன். இதுக்குப் போய் உன்னை எழுப்பணுமா?” என்றார். நம் பட்டியலில் உள்ள சொற்களை வைத்து நாம் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அபாயம், ஆபத்து, அவசரம், இடர் ஆகிய நான்குமே பொத்தானுக்கு முன்னால் ஒரு வாசற்படியைக் கட்டிவிடுகின்றன. தரையில் கிடக்கிற மனிதர், ‘இது அபாயம்தானா’ என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிய பிறகே விரலை எடுத்துப்போக வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று வாழ்ந்தவர்கள் எப்போதும் ‘இல்லை’ என்றே எழுதுவார்கள்.

‘எச்சரிக்கை’ பொருளாலேயே பொருந்தாது. வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது எச்சரிக்கை. இது நடந்துவிட்டதற்கு ஆள் கூப்பிடுவது. ‘முதியோர்’ என்ற முன்னொட்டும் வேண்டாம். வலிப்பு உள்ள இளைஞருக்கும், அறுவை முடிந்து தனியே வீட்டில் இருப்பவருக்கும் இது வேண்டும். தவிரவும், கிழம் என்று எழுதி ஒட்டிய பொருளை எந்தத் தாய் ஆசையாகக் கழுத்தில் போட்டுக்கொள்வாள்?

இந்தக் கருவியை ஜெர்மனியில் ‘ஹவுஸ்நோட்ரூஃப்’ என்கிறார்கள். வீடு, நெருக்கடி, அழைப்பு என்ற மூன்றையும் ஒட்டிய சொல். சுவீடனில் பெயரின் முற்பாதி ‘நிம்மதியான பாதுகாப்பு’ என்ற பொருள் தருகிறது. ஆபத்திலிருந்து தொடங்காமல் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

திருவாரூர் நண்பர் முன்வைத்த ‘ஆராய்ச்சிமணி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கல்தேரைச் சுற்றி விளையாடி வளர்ந்தவருக்கு அந்த மணிதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஐயா, கன்றை இழந்த பசு அரண்மனை வாசல்வரை நடந்துபோய் அந்த மணியை அடித்தது. நம் அம்மாக்களால் நடக்க முடியாதபோதுதான் இந்தக் கருவியே வேண்டும். நீதி கேட்பதும் கைகொடுக்கக் கேட்பதும் வேறு வேறு. பாபநாசம் பக்கத்துக் கபிஸ்தலத்துக் கதை இன்னும் நெருங்கி வருகிறது. முதலை காலைக் கவ்விய யானை எங்கும் போகவில்லை; மாட்டிக்கொண்ட நீருக்குள் நின்றபடியே கூப்பிட்டது. வந்தவர் ‘இதற்கெல்லாமா கூப்பிட்டாய்’ என்று கேட்கவில்லை.

கூப்பிடுவது. அம்மா வாயில் வந்த சொல்லும் அதுதான். நம்மிடம் ‘கூப்பிடு தூரம்’ என்று ஓர் அளவே இருக்கிறது. ஒரு குரல் எட்டுகிற தொலைவு. டெல்டா கிராமங்களில் கிழவர்கள் தனியே வாழ முடிந்ததற்குக் காரணமே, யாராவது ஒருவர் அந்தத் தூரத்தில் இருந்ததுதான். இப்போது தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சுருங்கிப்போன அந்தத் தூரத்தை இந்தக் கருவி நீட்டித் தருகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

முதலில் நான் எழுதி வைத்தது ‘கூப்பிடுவில்லை’. சேவகர் மார்பில் அணிந்த வில்லை, அஞ்சல்வில்லை, மருந்து வில்லை எல்லாம் நம்மிடம் உண்டே என்ற நினைப்பு. ஆனால் வாய்விட்டுப் படித்தபோது ‘கூப்பிடவில்லை’ என்றே காதில் விழுந்தது. யாரும் கூப்பிடாத வீட்டில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் ‘மணி’ கைகொடுத்தது. ஒலிக்கிற மணியும் மணிதான், கழுத்தில் கோக்கிற மணியும் மணிதான். அணிவதும் அழைப்பதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. கூப்பிடுமணி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கூப்பிட்ட, கூப்பிடுகிற, கூப்பிடும் மணி. ‘அழைப்பு மணி’ வாசலில் இருக்கிறதே, குழம்பாதா என்று கும்பகோணத்து அம்மையார் கேட்கக்கூடும். அது விருந்தாளி அடிப்பது. ‘அழைப்பு’ பத்திரிகையில் வரும். ‘கூப்பிடு’ வாயில்தான் வரும். அந்த வேறுபாடே போதும் என்று தோன்றுகிறது.

கிளைச்சொற்களையும் சேர்த்தே முடித்துவிடலாம். ஆள் விழுவதைத் தானே கண்டுகொள்ளும் பகுதிக்கு ‘விழல் உணரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் விழல் என்றால் புல். இறைத்த நீர் வீணாகும் இடம். ‘வீழ்ச்சி உணரி’ விலைவாசிக்குத்தான் பொருந்தும். ‘விழுகை உணரி’ இருக்கட்டும். தெரியாமல் அழுத்திவிட்டால் போகும் அழைப்பை ‘பொய்யழைப்பு’ என்று சொல்ல வேண்டாம், அழுத்தியவரைப் பொய்யராக்குகிறது. ‘கைபட்ட அழைப்பு’ என்போம்.

கருவியை எப்படித் தேர்வது என்று இருவர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றி வைத்தால் வாங்கியதே வீண். ஐபி 67 என்ற நீர்புகாத் தரக்குறி போட்டிருந்தால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். கழுத்துக் கயிறு எங்காவது சிக்கி இழுபட்டால் தானே விட்டுக்கொள்ளும் கொக்கி அவசியம். விழுகை உணரியை முழுவதும் நம்பாதீர்கள். தடாலென்று மோதி அசைவு நிற்பதைத்தான் அது பார்க்கிறது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்தால் அதற்குத் தெரியாமல் போகலாம். பொத்தான் எப்படியும் வேண்டும். கூடத்தில் வைக்கும் தாய்க்கருவியோடு பேசும் வகை எங்கள் வீட்டுக்குச் சரிப்படவில்லை. கிணற்றடியிலிருந்து பேசினால் அதற்குக் கேட்காது. சிம் உள்ளேயே இருக்கும் வகையை எடுத்தோம், கொல்லைக் கோடியில் நின்று சிக்னல் பார்த்த பிறகு. 2018 நவம்பரில் கஜா புயல் கோபுரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துப்போட்ட நாட்களில் எந்தக் கருவியும் பேசியிருக்காது. அந்த மாதிரி நாட்களுக்கு மனிதர்களைத்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

முதல் எண்ணாக என்னுடையதைத்தான் பதிந்திருந்தேன். அது தவறு. தஞ்சாவூரிலிருந்து நான் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். இப்போது முதல் எண் பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் ஓடிப்போய்ப் பார்த்து, வேண்டுமென்றால் 108-க்குச் சொல்வார். எனக்கு இரண்டாவதாக வந்தால் போதும்.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு:

கூப்பிடுமணி (பெ.): உடம்பில் அணிந்துகொண்டு, உதவி வேண்டும்போது அழுத்தினால், முன்பே பதிந்துவைத்தவர்களை அழைக்கும் சிறு கருவி. “குளிக்கப் போகையில் கூப்பிடுமணியைக் கழற்றாதே.”

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வரும் ஞாயிறுக்குள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இரண்டு மூன்று சொற்களைச் சொல்லி, எதை அவர் தானாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எங்கள் வீட்டில் நேற்று மாலை அம்மா அக்காவிடம் கேட்டது: “அந்தக் கூப்பிடுமணிய எங்கடி வச்சேன்?” கழுத்தில்தான் இருந்தது.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து