ஒகேனக்கல் போஸ்டர்: பழைய ரயில்வே பாணி வரவில்லை, பிரிண்டில் வெள்ளைக் கோடு வேறு

பென்னாகரம் பரிசல்:
1930கள் காலத்து ரயில்வே சுற்றுலாப் போஸ்டர் மாதிரி இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஒகேனக்கல் வரைந்திருக்கிறேன். அருவி, கீழே பரிசல், பின்னால் பாலத்தில் நீராவி எஞ்சின். 12×18 அங்குலத் தாளில் பிரிண்ட் எடுத்தால் பாறையும் தண்ணீரும் தொடும் இடத்தில் மயிரிழை வெள்ளைக் கோடு. சாரலுக்குப் போட்ட பிளர் (ஓரத்தை மங்கலாக்கும் ஃபில்டர்) கட்டம் கட்டமாக வருகிறது. நீலப்பச்சை மங்கிவிட்டது. அச்சுக் கடையில் அவர்களுடைய கோரல்டிரா மென்பொருளில் திறந்ததும் 'கே'யின் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. மொத்தத்தில் மொபைல் கேம் படம் போல இருக்கிறது. எதைச் சரிசெய்வது?

ஓசூர் அச்சு:
கொம்பு சுலபம். எழுத்தைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்து உருவமாகிவிடும், எந்தக் கடையிலும் உடையாது. திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிளர் கட்டமாவதற்குக் காரணம், பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஃபில்டர்கள் 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) படமாக மாறுவது. அந்தப் பெட்டியில் ராஸ்டரைசேஷன் ரெசல்யூஷனை 300 ஆக்கினால் போய்விடும். ஆனால் அந்த பிளரே வேண்டாம் என்பேன். கேம் படம் போலத் தெரிவது அதனால்தான். அந்தக் காலத்தில் லித்தோ என்ற கல்லச்சு: நிறத்துக்கு ஒரு கல் அல்லது துத்தநாகத் தகடு. மெல்லக் கரையும் நிழலுக்குப் பதிலாகத் தட்டையான நிறங்கள், தேவைப்பட்டால் க்ரேயான் பொரி (க்ரேயானில் தேய்த்தது போன்ற சின்னப் புள்ளிகள்). லேயர் கணக்கை விட்டு மை கணக்குக்கு வாருங்கள், ஒரு தட்டை நிறம் ஒரு மை என்று எண்ணினால் மொத்தம் ஏழு மை போதும். சாரலை மூன்று தட்டை நிறத்தில், ஓரம் கூர்மையாக வெட்டுங்கள்: தாள் வெள்ளை, வெளிர் நீலம், அதற்கடுத்த நீலப்பச்சை.

வெள்ளைக் கோட்டுக்கும் அதே கணக்குதான். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் அதன் மேல் ஏறி விழவேண்டும். தண்ணீரைப் பாறைக்கு அடியில் 1 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பெரிதாக்கிப் பார்க்கும்போது கோடும் பெரிதானால் நிஜமான இடைவெளி. எவ்வளவு பெரிதாக்கினாலும் அதே மெலிசாக இருந்தால் திரையின் கோளாறு. எப்படியானாலும் உள்ளே தள்ளிவிடுவது நல்லது.

பென்னாகரம் பரிசல்:
நிறம், அண்ணா? இங்க்ஸ்கேப்பில் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மை) எண்தான் போட்டேன்.

ஓசூர் அச்சு:
அந்த நிறப் பட்டையில் எண் போட்டாலும் உள்ளே திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கான ஆர்ஜிபியாகத்தான் சேமிக்கும் தம்பி. கடையில் கோரல்டிராவில் நிறத்தை மாற்றச் சொல்லுங்கள். ஏழு மைதானே, சீக்கிரம் முடிந்துவிடும். தண்ணீருக்கு சயான் 55, மெஜந்தா 10, மஞ்சள் 30, கறுப்பு 10. வானத்துக்கு மெஜந்தா 8, மஞ்சள் 25 மட்டும். பாறைக்கு வெறும் கறுப்பு வேண்டாம். சயான் 50, மெஜந்தா 70, மஞ்சள் 70, கறுப்பு 60. சின்ன எழுத்துகளை மட்டும் தனிக் கறுப்பு 100இல் வையுங்கள், நாலு மை கலந்தால் ஓரம் நிழலாடும். திரையின் பளிச் பச்சையை மையில் துரத்தாதீர்கள், கிடைக்காது. தாள் மேட் போதும். பளபளப்புத் தாள் இந்தப் பாணியையே கெடுத்துவிடும்.

பொரி போடுவதானால் படத்தின் முழு அளவில், 300 டிபிஐ பிஎன்ஜியாகச் செய்யுங்கள். பாறையின் நிழல் ஓரத்தில் மட்டும், அந்த மையின் நிறத்திலேயே. படம் முழுக்கக் கறுப்புப் பொரி தூவினால் அழுக்குத்தான்.

மொரப்பூர் 762:
அளவும் பாருங்கள். பிரிட்டிஷ் ரயில்வே போஸ்டரின் டபுள் ராயல் 25×40 அங்குலம், அதாவது 5:8. உங்கள் தாளில் படத்தை 10.5×16.8 வைத்தால் சுற்றிலும் வெள்ளை ஓரம் கிடைக்கும். பழைய போஸ்டருக்கு அதுவே அழகு.

இன்னொன்று, ஒகேனக்கல்லில் ரயில் பாலமே கிடையாது. எஞ்சினை எடுத்துவிட்டு அடியில் 'தருமபுரியில் இறங்கவும்' என்று போடுங்கள். அந்தப் போஸ்டர்களில் பாதிக்குமேல் ரயிலே இருக்காது, இடம்தான். எஞ்சின் வரைந்தே தீரவேண்டும் என்றால் கிருஷ்ணகிரிக்குத் தனிப் போஸ்டர் செய்யலாம்: திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி குறுகிய பாதை 1905இல் திறந்து 1941இல் மூடியது, அகலம் 762 மி.மீ. அந்த எஞ்சினைச் சின்னதாக வரையவேண்டும். அகலப்பாதை எஞ்சின் படத்தைப் பார்த்து வரைந்தால் ஊர்ப் பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள்.

பென்னாகரம் பரிசல்:
எஞ்சினை எடுத்துவிட்டேன். அந்த இடம் வெறுமையாகத் தெரிகிறதே?

மொரப்பூர் 762:
பரிசலை இரண்டு மடங்கு பெரிதாக்கி முன்னால் கொண்டு வாருங்கள். வானத்தில் கை வைக்காதீர்கள், தலைப்பு அங்கேதான் உட்காரும்.