டென்னிஸ்ல 204வது ரேங்க்ல இருந்து வந்து மாஸ்டர்ஸ் கோப்பை ஜெயிக்கிறது எப்படிங்க சாத்தியம்?

மாலைநேர ரசிகன் (கேள்வி):
நான் கிராண்ட் ஸ்லாம் மட்டும் உக்காந்து பாக்குற ஆளு, மத்ததெல்லாம் ஸ்கோர் பாத்துட்டு போயிடுவேன். 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸ் (கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த லெவல் டோர்னமெண்ட்) ஹைலைட்ஸ் இப்பதான் பாத்தேன், ரெண்டு நாளா மனசு அதுலயே நிக்குது. வாலண்டின் வாஷெரோ, மொனாக்கோ ஆளு, வயசு 26, ரேங்க் 204, குவாலிஃபையிங் (மெயின் டோர்னமெண்டுக்கு முன்னாடி நடக்குற தகுதிச் சுற்று) ஆடி உள்ள வந்து செமில ஜோகோவிச்சை 6-3, 6-4ன்னு முடிச்சு, ஃபைனல்ல சொந்த கசின் ஆர்தர் ரிண்டர்க்னெஷ்ஷை 4-6, 6-3, 6-3ன்னு ஜெயிச்சிருக்கார். இந்த ஆட்டம் அதுவரைக்கும் எங்க ஒளிஞ்சிருந்துச்சு? ரேங்கிங் தப்பா காட்டுதா, இல்ல எதிர்ல இருந்தவங்க சறுக்குனதால கிடைச்சதா? ஜோகோவிச் வேற நடுவுல ட்ரீட்மெண்ட் எடுத்துக்கிட்டுதான் ஆடுனார்.

பேக்ஹேண்ட் பிரியன்:
ரேங்கிங் தப்பா காட்டல, நாமதான் அதை தப்பா படிக்கிறோம். அது கடைசி 52 வாரத்துல நீங்க எடுத்த பாயிண்ட்டோட கணக்கு, அவ்ளோதான், இன்னைக்கு எப்படி ஆடுறீங்கன்னு அதுக்கு தெரியாது. சேலஞ்சர்ங்கற கீழ் லெவல் டோர்னமெண்ட் ஒண்ணு ஜெயிச்சா அதோட கிரேடை பொறுத்து 50ல இருந்து 175 பாயிண்ட், மாஸ்டர்ஸ் ஜெயிச்சா 1000. அதனால 200ல இருக்கறவங்க வருஷம் முழுக்க சேலஞ்சர்ல ஜெயிச்சு ஜெயிச்சு சேத்தாலும் மெதுவாதான் ஏறுவாங்க, நடுவுல ஒரு காயம்னு நாலு மாசம் உக்காந்தா போச்சு, பழைய பாயிண்ட் எல்லாம் ஒவ்வொண்ணா கழண்டுடும். பெரிய டோர்னமெண்ட்ல இடம் கிடைக்காது, இடம் கிடைக்காததால பாயிண்ட் கிடைக்காது. வாஷெரோவுக்கு ஷாங்காய் குவாலிஃபையிங்லயே நேரடி இடம் இல்ல, ஆல்டர்நேட்டா போய் யாராவது விலகுவாங்களான்னு காத்திருந்தவர். அவ்ளோ தூரம் பறந்து போய் ஒரு பால் கூட அடிக்காம திரும்பி வந்திருக்கலாம், அதை நினைச்சாலே எனக்கு வயித்தை பிசையுது. அந்த கோப்பைக்கு கிடைச்ச பரிசு 11 லட்சம் டாலருக்கு மேல, அதுவரைக்கும் அவர் கேரியர் மொத்தத்துலயும் சம்பாதிச்சதை விட அதிகம்.

நெட்டுக்கு அந்தப்பக்கம்:
மரியாதையோடவே ஒண்ணு சொல்றேன், டிரா (யார் யாரோட மோதணும்ங்கற பட்டியல்) திறந்து விட்டுச்சுங்கறதை மறைக்க முடியாது. அல்கராஸ் வரவே இல்ல, முந்தின வருஷம் ஜெயிச்ச சின்னர் அந்த புழுக்கத்துல கால் பிடிச்சுக்கிட்டு கிரீக்ஸ்பூர் மேட்ச்ல பாதியில விலகிட்டார், ஜோகோவிச்சுக்கு 38 வயசு. இதுல ரெண்டு பேர் முழு ஃபிட்டா இருந்திருந்தா கதையே வேற.

பேக்ஹேண்ட் பிரியன்:
சின்னர் விலகுனது சரி, ஆனா அதனால அடுத்த ரவுண்டுக்கு வந்த கிரீக்ஸ்பூரை ஜெயிச்சதே வாஷெரோதான், அதுவும் முதல் செட்டை 4-6ன்னு விட்டுட்டு. குவார்ட்டர்ல ரூனேவோட ஆடுனப்பவும் 2-6ல முதல் செட் போச்சு, ரெண்டாவதை டை பிரேக்ல இழுத்துட்டு வந்து மூணாவதை 6-4. ஃபைனல்லயும் அதே கதை. டிரா திறந்தா யாரோ ஒருத்தர் வருவார்தான், ஆனா பின்தங்கி பின்தங்கி இத்தனை தடவை எழுந்து வர்றதை டிரா குடுக்காது. அந்த புழுக்கம் அவருக்கும் அதே புழுக்கம்தானே, அதுவும் குவாலிஃபையிங் ரெண்டு மேட்ச் கூடுதலா ஆடுன உடம்பு. அப்புறம் அதே மாசம் பாரிஸ் மாஸ்டர்ஸ்ல மறுபடி ரிண்டர்க்னெஷ்ஷை ஜெயிச்சு குவார்ட்டர் வரைக்கும் போனார், ஃபெலிக்ஸ் ஓஷே-அலியாசிம் கிட்டதான் தோத்தார். ஒரு வார அதிர்ஷ்டம்னா அங்க முதல் ரவுண்டுலயே தெரிஞ்சிருக்கும்.

நெட்டுக்கு அந்தப்பக்கம்:
பாரிஸ் போனது எனக்கு தெரியாது. அப்ப என் பேச்சுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன்.

புல்தரை பைத்தியம்:
இந்த மாதிரி முன்னாடியும் நடந்திருக்கு. கோரிச் 2022 சின்சினாட்டி ஜெயிச்சப்ப ரேங்க் 152, தோள்பட்டை ஆபரேஷன் முடிச்சு வந்தவர், வாஷெரோ வர்ற வரைக்கும் மாஸ்டர்ஸ் ஜெயிச்சவங்கள்ல ரொம்ப கீழ் ரேங்க்குங்கற ரெக்கார்டு அதுதான். ராடுகானு 2021 யூஎஸ் ஓபன்ல குவாலிஃபையிங்ல இருந்து 10 மேட்ச், ஒரு செட் கூட விடல, 18 வயசு. ஆனா எனக்கு எப்பவும் 2001 விம்பிள்டன் இவானிசெவிச்தான். அதுக்கு முன்னாடி அங்க மூணு ஃபைனல் தோத்தவர், தோள்பட்டை போய், ரேங்க் 125க்கு இறங்கி, வைல்ட் கார்டு (ரேங்க் பத்தாதவங்களுக்கு டோர்னமெண்ட் நடத்தறவங்க குடுக்குற இடம்) வாங்கி வந்து ஆடுறார். ஹென்மன் கூட செமில மூணாவது செட் 6-0ன்னு கைவிட்டு போச்சு, நாலாவதுல மழை வந்து நிறுத்துது, அந்த ஒரே மேட்ச் மூணு நாள் ஓடுது, ஜெயிச்சு திங்கட்கிழமை ஃபைனல் ஆடுறார். ராஃப்டர் கூட அஞ்சாவது செட் 9-7. சாம்பியன்ஷிப் பாயிண்ட்ல (எடுத்தா கோப்பைங்கற பாயிண்ட்) டபுள் ஃபால்ட் (ரெண்டு சர்வும் தப்பு) போடுறார், நாலாவது சாம்பியன்ஷிப் பாயிண்ட்லதான் முடியுது. அந்த கை நடுக்கத்தை பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

மாலைநேர ரசிகன்:
எல்லாருக்கும் நன்றி, இப்பதான் முழு மேட்ச் தேடி பாக்கணும்னு தோணுது. இன்னொண்ணு, கசின்னு சொல்றாங்களே, எந்த வழி சொந்தம்? முடிஞ்சதும் நெட்ல அப்படி கட்டிப்புடிச்சுட்டு நிக்கிறாங்க.

பேக்ஹேண்ட் பிரியன்:
ரெண்டு பேர் அம்மாவும் அக்கா தங்கச்சிங்க. அப்ப நம்ம பேச்சுல கசின் என்ன கசின், அண்ணன் தம்பிதான். ஒரே காலேஜ் டீம், டெக்சஸ் ஏ அண்ட் எம். வாஷெரோவோட கோச் பெஞ்சமின் பல்லரே கூட அவரோட அண்ணன்தான், அப்பா அம்மால ஒருத்தர் மட்டும் பொதுவா இருக்கற ஹாஃப் பிரதர். ஜெயிச்சதும் கேமரா கண்ணாடி மேல தாத்தா பாட்டி பெருமைப்படுவாங்கன்னு எழுதுனார், அங்க எனக்கு தொண்டை அடைச்சுடுச்சு. ஹைலைட்ஸ் வேணாம், ரூனே மேட்ச்ல ரெண்டாவது செட்ல இருந்து முழுசா பாருங்க, அப்புறம் ஃபைனல்.