ஸ்டேட்டையும் ஸ்ட்ராட்டஜியையும் கணிதக் குறியீடு பிரித்துக் காட்டுமா?

பழைய நிரலர்:
டிசைன் பேட்டர்ன்களை, அதாவது நிரல் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கான தீர்வு வடிவங்களை, கணிதக் குறியீட்டில் எழுதிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை என்று தர்க்கன் அடித்துச் சொல்லியிருக்கிறார். நால்வர் சேர்ந்து எழுதி 1994-இல் வெளிவந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் 23 பேட்டர்ன்களில் ஸ்டேட் (நிலை மாற மாறப் பொருளின் நடத்தையும் மாறுவது), ஸ்ட்ராட்டஜி (ஒரே வேலைக்கான பல வழிமுறைகளில் ஒன்றைப் பொருத்திக்கொள்வது) இரண்டை மட்டும் அவர் விளக்கட்டும். இரண்டிலும் வேலையை ஒப்படைக்கும் பொருளான ஒரு கான்டெக்ஸ்ட், அது பிடித்திருக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் (என்னென்ன அழைப்புகள் உண்டு என்ற பட்டியல்), அதைச் செயல்படுத்தும் சில கிளாஸ்கள். பெயர்களை அழித்துவிட்டால் எந்த கிளாஸ் வரைபடம் எதற்குரியது என்று வரைந்தவருக்கே தெரியாது.

தர்க்கன்:
படத்தோடு நின்றுவிடுபவருக்கு அப்படித்தான் தோன்றும். 1998-இலேயே ஆய்வாளர் மிக்கோனென், டிஸ்கோ என்ற முறைசார் விவரிப்பு மொழியில், காலத் தர்க்கத்தின் (காலப்போக்கில் நிகழும் மாற்றங்களைக் குறிக்கும் தர்க்கம்) துணையோடு பேட்டர்ன்களின் நடத்தையை எழுதிக் காட்டிவிட்டார். ஸ்டேட்டில் நிலைப்பொருள் தன் இடத்தில் அடுத்த நிலையை அமர்த்துகிறது. ஸ்ட்ராட்டஜியை வெளியிலிருந்து கிளையன்ட், அதாவது கான்டெக்ஸ்டைப் பயன்படுத்தும் நிரல், தருகிறது. ஒரே வரியில் எழுதிவிடலாம்.

பழைய நிரலர்:
அந்த ஒரே வரிதான் தவறு. நிலைமாற்றத்தை யார் தீர்மானிப்பது என்பதை ஸ்டேட் பேட்டர்ன் வரையறுக்கவில்லை என்று அந்நூலே கூறுகிறது. விதிகள் மாறாதவை என்றால் கான்டெக்ஸ்டே தீர்மானிக்கலாம். அந்நூலின் டிசிபி (பிணைய இணைப்பு நெறிமுறை) எடுத்துக்காட்டில், மூடிய நிலைக்குரிய பொருள் பாசிவ்ஓப்பன் என்ற அழைப்பு வந்ததும் தானே இணைப்பை லிசன் நிலைக்கு மாற்றுவதைக் கண்டு, அதையே பொதுவிதியாக்கிவிட்டீர்கள். கான்டெக்ஸ்ட் மாற்றினால் அது ஸ்டேட் இல்லையா?

வரைபடப் பிரியை:
ஒரு பொருள் மாறியதும் அதைக் கவனிக்கும் பிற பொருள்களுக்கு அறிவிக்கும் அப்சர்வர் பேட்டர்னைப் பாருங்கள். அறிவிப்புகள் எந்த வரிசையில் செல்லும் என்று உறுதி சொல்லாத அப்சர்வபிள் கிளாஸை ஜாவா மொழியின் 9-ஆம் பதிப்பு கைவிடச் சொன்னது. முறையாக எழுதியிருந்தால் அந்த ஓட்டை முதல் நாளே தெரிந்திருக்கும்.

பழைய நிரலர்:
அந்த கிளாஸின் ஆவணத்திலேயே வரிசை குறிப்பிடப்படவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள், அம்மையீர். ஓட்டை தெரிந்தேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் குறியீடு எதற்கு? மேலும், நான் கேட்டது அப்சர்வரைப் பற்றி அன்று. கான்டெக்ஸ்ட் மாற்றினால் அது ஸ்டேட் இல்லையா?

தர்க்கன்:
மாற்றுபவர் யாராயினும், மாற்றங்களுக்கிடையே ஒரு தொடர்பு இருக்கும், அதை எழுதலாம்.

பழைய நிரலர்:
சற்றுமுன் "நிலைப்பொருள்" என்றீர்கள், இப்போது "யாராயினும்" என்கிறீர்கள்! கோப்பின் அளவைப் பார்த்து சுருக்கும் முறையை கான்டெக்ஸ்டே மாற்றிக்கொள்ளும் நிரலை எல்லோரும் ஸ்ட்ராட்டஜி என்றுதான் அழைக்கிறார்கள். அங்கும் மாற்றங்களுக்கிடையே தொடர்பு உண்டு. அதை உங்கள் வரி எந்தப் பக்கம் தள்ளும்?

தர்க்கன்:
அது மோசமாக எழுதப்பட்ட ஸ்டேட். ஒரு கிளாஸுக்கு ஒரே பொருள்தான் என்னும் சிங்கிள்டன் பேட்டர்னைப் பற்றிய முந்தைய விவாதத்திலும் இப்படித்தான் விதிவிலக்குகளைக் குவித்தீர்கள்.

பழைய நிரலர்:
சிங்கிள்டனில் த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) பற்றி நான் எழுப்பிய கேள்விக்கும் இன்னும் விடை வரவில்லை. வரியை எழுதுங்கள், பிறகு பேசலாம்.