புதுப்பிப்பு: கைக்கடிகாரத்தில் பின்தங்கிய நிலா சரியாகிவிட்டது

என் சுவிஸ் மெக்கானிக்கல் கடிகாரத்தில் மணி சரியாக ஓடுகிறது, பிறையைக் காட்டும் நிலா வட்டு மட்டும் வானத்து நிலாவுக்குப் பின்னால் நிற்கிறது, பழுதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பழுது இல்லை. சர்வீஸுக்கு அனுப்பத் தேவைப்படவில்லை. பௌர்ணமியிலிருந்து எண்ணி வரச் சொன்னவரின் வழிதான் பலித்தது. முதலில் முட்களைக் காலை ஆறரைக்கு நகர்த்தினேன். நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் வட்டை நகர்த்தும் சக்கரப் பற்கள் ஏற்கெனவே கோத்திருக்கும். அப்போது அழுத்தினால் உடையலாம். அப்புறம் பக்கவாட்டில் உள்ள குழிப் பொத்தானைக் கூடவே வந்த மழுங்கிய குச்சியால் அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டிக்' என்று ஒரு பல் நகர்கிறது. தங்க நிலா சாளரத்தின் நடுவில் முழுதாக வந்ததும் நிறுத்தி, பௌர்ணமி கழிந்த நாளுக்கு ஒன்று வீதம் அழுத்தினேன். இப்போது வானமும் வட்டும் ஒன்றாக இருக்கின்றன, பார்க்கவே அவ்வளவு நிறைவு!

எதிர்பாராதது ஒன்று: தினசரி நாள்காட்டியின் பௌர்ணமி தேதி ஒரு நாள் முந்தி இருக்கலாம். பௌர்ணமி திதி முடியும் கணம்தான் நிலா முழுமையடையும் கணம். அதனால் திதி முடியும் நேரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, என்னுடையது 59 பல் சக்கரம். அது பிறைச் சுற்றை 29.5 நாளாகக் கணக்கிடுகிறது. உண்மையில் சுமார் 29.53. நிற்காமல் ஓடினாலும் இரண்டரை ஆண்டு தாண்டியதும் ஒரு நாள் பிசகி வட்டு முந்திவிடும், அப்போது மறுபடி இதேபோல் பௌர்ணமியிலிருந்து எண்ணிச் சரிசெய்ய வேண்டும். 135 பல் சக்கரம் உள்ளவர்களுக்கு அந்தப் பிசகு வர சுமார் 122 ஆண்டு ஆகும்.