மிஷன் மண்டபத்துக்குச் சீமெந்து வேண்டாம்

ஊர்ச் சங்கப் பொருளாளர் அண்ணாவுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

நம் ஊரான நெடுந்தீவின் கிறிஸ்தவ மிஷன் மண்டபத்தைத் திருத்த ஆளுக்கு 200 டொலர் கேட்டிருக்கிறீர்கள். தருவேன். ஆனால் இந்த மதிப்பீட்டுக்குத் தர மாட்டேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் சீமெந்து. சுண்ணாம்பு என்ற சொல்லே இல்லை.

போன மாதம் சின்னம்மா ஊருக்குப் போனார். படகு போட்ட ஆட்டத்தில் தலைசுற்றியபடி இறங்கியவர், நேரே அந்த வளவுக்குத்தான் போயிருக்கிறார். வடக்குச் சுவரில் யாரோ ஏற்கெனவே முழங்கால் உயரத்துக்குச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். அதற்கு மேலே முருகைக்கல், அதாவது கடலில் எடுத்த பவளக்கல், மாவாக உதிர்கிறது. ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்து அனுப்பினார். பூவிதழ் போன்ற வரிகள் அப்படியே தெரிகின்றன. ஓரமெல்லாம் வெள்ளை உப்பு.

அந்தக் கல் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சீமெந்து அடைத்துவிடும், ஈரம் மேலேறும், உப்பு கல்லுக்குள்ளேயே காய்ந்து அதை உடைக்கும். எங்கள் அப்பு அதே கல்லில் வேலி அடுக்கியபோது சாந்தே வைக்கவில்லை. இன்றும் நிற்கிறது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி, வாசலில் சங்கத்தின் பெயரைப் பொறிக்கலாம் என்கிறார் லண்டன் மாமா. மாமா, கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம். உடைந்த கல்லுக்கு ஈடாக ஒரு கல்லும் கிடைக்காது. பெயர் பொறிக்கப் போய்க் கோயில் மணி விவகாரம் எங்கே முடிந்தது என்பது உங்களுக்கே தெரியும். அப்பாவை நீங்கள் அன்று கூட்டத்தில் ஏசியதை நான் மறக்கவில்லை.

“வேதக்காரரின் கட்டடம், நமக்கென்ன?” என்று கேட்ட மச்சானுக்கு: அம்மம்மா சைவப் பழம். நெற்றி நிறையத் திருநீற்றோடு போய்த்தான் அங்கே எழுத்துப் படித்தார். தீவுகளுக்குச் செலவழித்தது 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மட்டுமல்ல. உள்ளூர்த் தமிழ்ச் சபையாரும் காசு சேர்த்து ஊழியர்களை அனுப்பினார்கள். அது நம் சனத்தின் காசும்தான்.

பொருளாளர் அண்ணா, முன்பு கிணற்றுக்குச் சேர்த்த காசின் கணக்கு இன்னும் வரவில்லை. உங்களைச் சந்தேகிக்கவில்லை, பற்றுச்சீட்டைக் கேட்கிறேன். குறிகட்டுவானில் ஏற்றுக்கூலி, மாவிலித்துறையில் இறக்குகூலி, படகுக்கூலி எல்லாம் தனித்தனியே காட்டுங்கள். காணிக்குரிய சபையின் அனுமதிக் கடிதம் வரும்வரை யாரும் சுவரில் கை வைக்க வேண்டாம்.

கடிதம் வந்ததும் முதலில் கூரை. ஐப்பசி மழைக்கு முன் நழுவிய ஓடுகளை மாற்றினால் கூரையைத் தாங்கும் பனை வளைகள் தப்பும். அதற்கென்று எழுதுங்கள், அன்றே 200 டொலரை அனுப்புகிறேன்.

சின்னம்மாவின் பெறாமகன்,
ரொறன்ரோ