பள்ளி போலீஸ் பிள்ளையை விசாரித்தபோது: எங்கள் வீட்டு அனுபவம்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் எல்லோரும் இதைப் படியுங்கள். மகனுக்கு 13 வயது, ஏழாம் வகுப்பு. ஒரு நாள் மதியம் பள்ளியிலிருந்து போன்: "உங்கள் பையன் லாக்கரில் வேப் இருந்தது, வந்து கூட்டிப் போங்கள்." வேப் என்றால் மின் சிகரெட். பதறி ஓடினேன். மகன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான். எதிரே துணைத் தலைமையாசிரியர். கதவோரம் யூனிஃபார்மில் பள்ளி போலீஸ் அதிகாரி, இடுப்பில் துப்பாக்கி, கையில் குறிப்பு நோட்டு.

நாற்பது நிமிஷம் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல். வேப் நண்பனுடையதாம், வைத்திருக்கச் சொன்னானாம்.

"ஏண்டா, அப்பாவைக் கூப்பிடுங்கன்னு கேட்கலை?"

"அவர் நம்ம ஸ்கூல் ஆபீசர்தானேப்பா. தினமும் வாசல்ல எனக்கு ஹை-ஃபைவ் குடுப்பாரு."

அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். இப்படி விளக்கினார்: பள்ளிக்கூடத்திலேயே நாள் முழுக்க இருந்தாலும் அவர் போலீஸ்தான், கைது செய்யும் அதிகாரம் அவருக்கு உண்டு. பள்ளி ஊழியர் பையைச் சோதிக்க நியாயமான சந்தேகமே போதும் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (நியூ ஜெர்சி எதிர் டி.எல்.ஓ.). வெளியே போலீசுக்கு அதைவிட வலுவான காரணம் வேண்டும். ஆனால் பள்ளிக்குள் வேலை செய்யும் போலீசுக்குப் பல மாநில நீதிமன்றங்கள் ஆசிரியருக்கான அளவையே வைக்கின்றன. எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. துப்பாக்கியோடு நிற்பவரை ஆசிரியர் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

போலீஸ் விசாரிப்பதைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றத்தின் 2011 ஜே.டி.பி. எதிர் வட கரோலினா தீர்ப்பு முக்கியம். அந்தப் பையனும் ஏழாம் வகுப்பு, 13 வயது. வகுப்பிலிருந்து கூட்டிப்போய், மூடிய அறையில் அரை மணி நேரமாவது கேட்டிருக்கிறார்கள். பாதுகாவலரான பாட்டிக்குப் போன் பண்ணக்கூட விடவில்லை. பெரியவர் என்றால் எழுந்து போகலாம் என்று நினைப்பார், பிள்ளைக்கு அது தோன்றாது. ஆகவே காவலில் இருந்தானா என்று பார்க்கும்போது வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். காவல் என்று ஆகிவிட்டால், பேசாமல் இருக்கும் உரிமையையும் வக்கீல் வைக்கும் உரிமையையும் போலீஸ் முதலில் சொல்லியாக வேண்டும். துணைத் தலைமையாசிரியர் தானாகக் கேட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால்? அங்கேதான் சிக்கல். பெற்றோரை முன்கூட்டியே அழைக்க வேண்டுமா என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

எங்களுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷனோடு போயிற்று. இப்போது மகனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்: "அப்பா அம்மா வந்த பிறகு பேசுகிறேன், சார்."

பதில்: அண்ணா, நான் வேறு மாநிலத்தில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். ஒரு பெண் போனைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஆசிரியர் போலீஸ் அதிகாரியைக் கூப்பிட்டுவிட்டார். அவர் உள்ளே வரவே இல்லை. வாசலிலேயே நின்று, "இது பள்ளி ஒழுங்கு விஷயம், நான் தலையிடக் கூடாது" என்றார். பள்ளி நிர்வாகத்துக்கும் காவல் துறைக்கும் உள்ள ஒப்பந்தத்தில் அப்படியே எழுதியிருக்கிறதாம். உங்கள் ஊர் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அந்தப் பெண் ஐந்து நிமிஷத்தில் பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.