எஃப்டி ஆர்எக்ஸ்-7: பவர் வேண்டாம், நம்பி ஓட்ட வேண்டும். முதலில் எதை மாற்றுவது?

சுழல்விசை:
1993 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7 (எஃப்டி என்ற மூன்றாம் தலைமுறை) வாங்கி மூன்று மாதம் ஆகிறது. இருப்பது டெக்சாஸில், கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். எனக்குக் கூடுதல் குதிரைத்திறன் வேண்டாம், கம்பெனி கொடுத்த 255 போதும். வெளியே எடுத்தால் வண்டி நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். அலுமினிய ரேடியேட்டர், அப்புறம் டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த எக்ஸாஸ்ட் குழாய்), அப்புறம் சிலிகான் வாக்குவம் குழாய்கள் என்று வரிசை போட்டிருக்கிறேன். சரியா?

குளிர்காற்று:
ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் செய்ய இரண்டு வேலை இருக்கிறது. கூலன்ட்டில் சேரும் காற்றைப் பிரிக்க ஏஎஸ்டி என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து அது இணைப்பு ஓரத்தில் பிளந்துவிடும், கூலன்ட் எல்லாம் வெளியே போய்விடும். அலுமினியத்தில் கிடைக்கிறது, அதை இந்த வாரமே மாற்றுங்கள். இரண்டாவது, டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். சாதாரண சூட்டிலும் சரி, பயப்பட வேண்டிய சூட்டிலும் சரி, அது நடுவிலேயே நிற்கும். அது மேலே ஏறுவதை நீங்கள் பார்க்கும்போது காரியம் கைமீறியிருக்கும். உண்மையான எண்ணைக் காட்டும் தனி மீட்டர் ஒன்று போடுங்கள்.

இந்த இன்ஜினுக்குச் சூடு ஏன் இவ்வளவு ஆபத்து என்றால், இது 13பி என்ற ரோட்டரி இன்ஜின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும். அது சுற்றும் கூடு அலுமினியம், கூட்டின் இரு பக்கமும் இருக்கும் தட்டுகள் வார்ப்பிரும்பு. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் கூலன்ட்டைத் தடுத்து நிற்பது மெல்லிய சீல்கள். ஒரே ஒரு முறை நன்றாக ஓவர்ஹீட் ஆனாலே அவை போய்விடலாம். அப்புறம் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை, கூலன்ட் குறைந்துகொண்டே இருக்கும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான்.

பழையசாவி:
ஏஎஸ்டியும் மீட்டரும் சரி. டவுன்பைப் வேண்டவே வேண்டாம். பதினோரு வருடமாக இதே வண்டியை ஸ்டாக்காக, கம்பெனி கொடுத்தபடியே ஓட்டுகிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

டர்போவுக்கு அடுத்து இருக்கும் ப்ரீ-கேட்டை (புகையைச் சுத்தம் செய்யும் முதல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை) எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் புகை தடையில்லாமல் போகும், பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், ஏறும். மிஞ்சும் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டின் துளை இந்த வண்டியில் சின்னது. ஏறுகிற பூஸ்ட்டை அதனால் பிடித்து நிறுத்த முடியாமல் போகலாம். கம்பெனி ஈசியு-வின் (இன்ஜின் கம்ப்யூட்டரின்) பெட்ரோல் கணக்கு அந்தக் காற்றுக்குப் போட்டதல்ல. பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்து நாக்கிங் வந்தால் (கலவை தானாக வெடித்தால்) பிஸ்டன் இன்ஜின் கொஞ்ச நேரமாவது தாங்கும், இதில் ரோட்டரின் முனையில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடையும். உடைந்த துண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போ இறக்கையையும் அடிக்கும். பவர் கூட்டும் பாகத்தை நம்பகத்தன்மை என்ற பெயரில் விற்கிறார்கள், எனக்கு அதுதான் கோபம். இன்னொன்று, கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்காவில் மத்திய சட்டப்படியே தப்பு.

குளிர்காற்று:
சட்டம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ப்ரீ-கேட் அங்கே இருப்பதால் வரும் சேதத்தை நீங்கள் சொல்லவே இல்லை. டர்போவை ஒட்டி ஒரு அடுப்பு வைத்த மாதிரி அது. முப்பது வருடத்தில் பாதி அடைத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், சூடு போக வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே தங்கி, ரப்பர் குழாய்களையும் ஒயர்களையும் மொறுமொறுப்பாக்கிவிடும். பூஸ்ட் கட்டுக்கு அடங்காமல் ஏறுவது பெரும்பாலும் டவுன்பைப்போடு சேர்த்து அதற்குப் பின்னால் இருக்கும் மெயின் கேட்டையும் (முக்கிய கன்வர்ட்டரையும்) எடுத்து ஏர் இன்டேக்கையும் மாற்றுகிறவர்களுக்குத்தான். மெயின் கேட் இருந்தால் அதுவே ஒரு தடை. பூஸ்ட் மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொண்டு ஓட்டினால் போதும்.

ஒற்றைடர்போ:
இரண்டு பேரும் கிளையை வெட்டுகிறீர்கள். வேர் அந்தச் சீக்வென்ஷியல் டர்போ அமைப்பு. கீழே ஒரு டர்போ மட்டும் வேலை செய்யும், 4500 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது சேரும். ஸ்டாக்கில் பூஸ்ட் 10 பிஎஸ்ஐ, மாறும் இடத்தில் 8, திரும்ப 10. அந்த ஒரு மாற்றத்துக்காக இன்டேக்குக்கு அடியில் சோலினாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு), செக் வால்வு (ஒரு பக்கம் மட்டும் காற்றை விடுவது), வாக்குவம் குழாய் என்று ஒரு காடே இருக்கிறது. எனக்கு இரண்டாவது டர்போ வராமல் எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் முன்பு வேலை செய்த யாரோ ஒரு செக் வால்வைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்! எல்லாவற்றையும் கழற்றி இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி மாற்றினேன். பூஸ்ட் கொஞ்சம் தாமதமாக வருகிறது, ஆனால் தினமும் ஒரே மாதிரி வருகிறது. 1996-இல் மஸ்டாவே வாக்குவம் அமைப்பை எளிமையாக்கியது, அதை மறக்க வேண்டாம்.

பழையசாவி:
எளிமையாக்கினார்கள், எடுத்துவிடவில்லை! 2002-இல் உற்பத்தி நிற்கும்வரை இந்த வண்டி சீக்வென்ஷியலாகத்தான் வந்தது. ஊருக்குள் ஓட்டுவது முழுக்க 4500-க்குக் கீழேதான். அங்கே சட்டென்று வரும் இழுவையைக் கொடுத்துவிட்டு என்ன வாங்குகிறோம்? ஒரு குழாய் விட்டுப்போனால் பூஸ்ட் குறையும், வண்டி மெதுவாக வீடு வந்துவிடும். கூலன்ட் போனால் இன்ஜின் போகும். இரண்டும் ஒரே தட்டில் வைக்கிற விஷயமா?

ஒற்றைடர்போ:
எல்லாக் குழாயும் அப்படியில்லை. வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாய் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் குறையாது, கட்டுப்பாடில்லாமல் ஏறும்.

பழையசாவி:
அது உண்மை, நான் சொன்னதில் அதை விட்டுவிட்டேன். சுழல்விசை, மொத்தக் காட்டையும் கழற்றாவிட்டாலும் வேஸ்ட்கேட் குழாய்களை முதலில் மாற்றி, இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டுங்கள். அதோடு பெட்ரோல் லைனில் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் பல்சேஷன் டாம்பரைப் பாருங்கள். இந்த வண்டியில் அது கசிந்து தீப்பிடித்த கதைகள் நிறைய. பானட்டுக்குள் லேசாகப் பெட்ரோல் வாடை வந்தாலும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சுழல்விசை:
எல்லாருக்கும் நன்றி. பெட்ரோலில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது பற்றி? உள்ளே சீல்களுக்கு ஆயில் விட ஒரு பம்ப் இருக்கும்போது எதற்கு என்று ஒரு மெக்கானிக் கேட்டார்.

குளிர்காற்று:
அந்தப் பம்ப் எடுத்துக் கொடுப்பது இன்ஜின் ஆயில். அது எரிவதற்காகச் செய்ததல்ல, எரிந்தால் கரி மிஞ்சும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் சுத்தமாக எரியும். பம்ப்பைக் கழற்றாமல் லிட்டருக்கு 5 மில்லி சேர்க்கிறேன்.

பழையசாவி:
நான் சேர்ப்பதில்லை. பம்ப் சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்தாலே போதும். ஆனால் சேர்ப்பதால் கெடுதல் எதையும் நான் பார்த்ததில்லை.

அதைவிட முக்கியம், ஒரு பாகம் வாங்குவதற்கு முன் ரோட்டரி டெஸ்டரில் கம்ப்ரெஷன் (இன்ஜினுக்குள் காற்று அழுந்தும் அளவு) பாருங்கள். சாதாரண மீட்டர் உச்சத்தை மட்டும்தான் காட்டும், நமக்கு ஒரு ரோட்டரின் மூன்று முகமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரு முகம் தளர்ந்திருந்தால் ரேடியேட்டருக்கு வைத்த பணம் வேறு இடத்துக்குப் போகும்.

சுழல்விசை:
சனிக்கிழமை கம்ப்ரெஷன் டெஸ்டுக்கு நேரம் வாங்கிவிட்டேன். ஏஎஸ்டி, மீட்டர், வேஸ்ட்கேட் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாம் ஆர்டர் போட்டாச்சு. என் வண்டியில் ஆயில் கூலர் ஒன்றுதான், ஆர்1 என்ற ஸ்போர்ட்ஸ் மாடலில் வருவது போல இரண்டாவது ஒன்று தேடுகிறேன். டவுன்பைப் இப்போது இல்லை.

குளிர்காற்று:
நல்லது. அந்த மீட்டரோடு ஆகஸ்டில் ஒரு நாள் டிராஃபிக்கில் நின்று, எந்த எண்ணில் ஃபேன் ஓடத் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஸ்டாக்கில் அது 100 டிகிரியைத் தாண்டித்தான் ஓடும். டவுன்பைப் பற்றி அப்போது பேசுவோம்.

பழையசாவி:
அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.